காற்றைக் குறைத்தால் வேகம் கூடுமா?

மாணவர்களே, ஒரு சிறு கேள்வியோடு தொடங்குவோம். ஒரே மாதிரியான இரண்டு சைக்கிள்கள் உங்கள் முன் நிற்கின்றன. ஒன்றின் டயர்களில் காற்று கல்லைப் போல் இறுக அடிக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்றின் டயர்களைக் கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே உள்வாங்கும். சரளைக்கல் பரப்பிய காட்டுப் பாதையில் இரண்டையும் ஓட்டினால் எது எளிதாக ஓடும்?

வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலான கைகள் முதல் சைக்கிளுக்குத்தான் உயரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பல ஆண்டுகள் அறிவியல் கற்பித்த பிறகும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு ஜூன் விடுமுறையில் இங்கிலாந்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனபோதுதான் அந்த எண்ணம் மாறியது. பாடம் நடத்தியவர் பதினான்கு வயதான என் அண்ணன் மகள்.

காடு என்ற பெயரில் ஒரு திறந்தவெளி

இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்ஹாம்ப்டன் நகரத்துக்கு மேற்கே ‘நியூ ஃபாரஸ்ட்’ என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பளவில் சிங்கப்பூரில் ஏறத்தாழ முக்கால் பங்கு. ‘புதிய காடு’ என்று பெயர் இருந்தாலும் அது மிகப் பழையது. 1079ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் வில்லியம் தம் வேட்டைக்காக ஒதுக்கிய நிலம் அது. அக்காலத்தில் ‘ஃபாரஸ்ட்’ என்ற சொல் மரங்கள் அடர்ந்த இடத்தை மட்டும் குறிக்கவில்லை, மன்னரின் வேட்டைச் சட்டங்கள் செல்லும் நிலம் என்பதே அதன் பொருள். அதனால்தான் அங்கே ஓக், பீச் மரங்கள் நிறைந்த காடும் உண்டு, மரமே இல்லாமல் முழங்கால் உயரப் புதர்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பரந்திருக்கும் வெளியும் உண்டு. இந்தப் புதர்வெளியை ஆங்கிலேயர்கள் ‘ஹீத்’ என்கிறார்கள். குட்டைக் குதிரைகளும் மாடுகளும் அங்கே வேலியில்லாமல் மேய்கின்றன.

மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போடப்பட்ட சரளைப் பாதைகள் பல இந்தக் காட்டையும் புதர்வெளியையும் ஊடுருவிச் செல்கின்றன. அவற்றில் குறிப்பிட்ட சிலவற்றில் மட்டும் சைக்கிள் ஓட்ட அனுமதி உண்டு. சந்திப்புகளில் எண்ணிட்ட சிறு கம்பங்கள் நட்டிருப்பார்கள். வரைபடத்தில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

புரோக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் எங்கள் பயணம் தொடங்கியது. அண்ணனின் சைக்கிளை எடுத்துக்கொண்டேன். அது ‘கிராவல் பைக்’ வகை. பார்க்கச் சாலைப் பந்தய சைக்கிள் போல் வளைந்த கைப்பிடி இருக்கும், ஆனால் டயர் அகலம் கூடுதல். சாலை சைக்கிளின் டயர் ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலம் என்றால், இதில் 40 மில்லிமீட்டர். புறப்படும் முன் நான் பம்பை எடுத்து, அழுத்தமானியில் முள் 70 பிஎஸ்ஐயைத் தொடும்வரை அடித்தேன்.

முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே கைகள் மரத்துவிட்டன. சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் துள்ளியது. ஒரு வளைவில் முன்சக்கரம் சரிந்து, நான் பாதையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சித்தப்பா, காத்தைப் பாதியா குறைங்க” என்றாள். குறைத்தேன். அதன்பிறகு அதே பாதை, அதே சைக்கிள், அதே கால்கள். ஆனால் ஓட்டம் வேறு.

ஏன்?

தபால்தலை அளவு நிலம்

உயர்நிலை வகுப்பில் நீங்கள் படித்த சூத்திரம்தான். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். எடை ஏறத்தாழ 800 நியூட்டன். இரண்டு சக்கரங்களும் சமமாகத் தாங்குவதாகக் கொண்டால், ஒரு சக்கரத்துக்கு 400 நியூட்டன்.

டயருக்குள் இருக்கும் காற்றுதான் இந்த எடையைத் தாங்குகிறது. ஆகவே டயர் தரையைத் தொடும் இடத்தில், தரைமீதான அழுத்தம் டயரின் காற்றழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும். ஒரு பிஎஸ்ஐ என்பது சுமார் 6.9 கிலோபாஸ்கல். 70 பிஎஸ்ஐ என்றால் சுமார் 480 கிலோபாஸ்கல். 400 நியூட்டனை 480,000 பாஸ்கலால் வகுத்தால் 8 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு வரும். அதாவது ஒரு தபால்தலையின் அளவு. என் மொத்த எடையையும் இரண்டு தபால்தலைகளின் மேல் வைத்துக்கொண்டு நான் வளைவில் திரும்பப் பார்த்திருக்கிறேன்!

காற்றை 35 பிஎஸ்ஐக்குக் குறைத்தால்? எடை மாறவில்லை, அழுத்தம் பாதியானது. எனவே தொடும் பரப்பு இரு மடங்காக வேண்டும். அதற்காக டயர் சற்றுத் தட்டையாகி, ஏறத்தாழ 16 சதுர சென்டிமீட்டர் தரையைப் பிடித்துக்கொள்கிறது.

கூர்ந்து படிக்கும் மாணவர் ஒருவர் இங்கே கேட்கலாம்: “காற்று மண்டலத்தின் அழுத்தமே சுமார் 100 கிலோபாஸ்கல் ஆயிற்றே, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?” நல்ல கேள்வி. வளிமண்டலம் டயரை வெளியிலிருந்தும் அழுத்துகிறது. பம்பில் உள்ள அழுத்தமானி அதைக் கழித்துவிட்டு, மிகுதியை மட்டுமே காட்டுகிறது. காற்றே இல்லாத டயரில் அது பூஜ்யம் காட்டுவது அதனால்தான்.

இரண்டு இடங்களில் கசியும் ஆற்றல்

பரப்பு கூடினால் பிடிப்பு கூடும், சரி. ஆனால் தட்டையான டயர் உருளும்போது இழுவை அதிகமாகுமே? இங்கேதான் என்னைப் போலப் பலரும் தவறுகிறோம்.

ரப்பர் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி வெப்பமாக மாறிவிடுகிறது. ஒரு ரப்பர் வளையத்தை வேகமாகப் பலமுறை இழுத்து விட்டுவிட்டு மேலுதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். இது முதல் கசிவு. டயரில் காற்று குறையக் குறைய இந்த இழப்பு கூடும். வழவழப்பான தார்ச்சாலையில் இறுக்கமான டயர் நன்றாக ஓடக் காரணம் இதுதான்.

ஆனால் சரளைப் பாதையில் இரண்டாவது கசிவு ஒன்று இருக்கிறது. இறுக்கமான டயர் ஒரு கல்லின்மீது மோதும்போது நசுங்க மறுக்கிறது. அதனால் சக்கரம், சட்டகம், ஓட்டுபவர் என எல்லாம் சேர்ந்து மேலே தூக்கப்படுகின்றன. முன்னோக்கிப் போக நீங்கள் மிதித்த ஆற்றலில் ஒரு பகுதி உங்களையே மேலே தூக்கச் செலவாகிறது. கீழே விழும்போது அந்த ஆற்றல் உங்கள் தசைகளையும் கைகளையும் குலுக்கி வெப்பமாகிவிடுகிறது. என் கைகள் மரத்துப்போன காரணம் இதுவே. காற்று குறைந்த டயரோ கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருண்டு போகிறது. உடல் மேலே எழும்புவது குறைகிறது.

ஆக, காற்றைக் குறைத்தால் முதல் இழப்பு கூடும், இரண்டாவது இழப்பு குறையும். இரண்டின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே அந்தப் பாதைக்கு ஏற்ற அழுத்தம். தார்ச்சாலையில் அது உயர்வாகவும் சரளையில் தாழ்வாகவும் இருக்கும். அளவுக்கு மீறிக் குறைத்தாலும் ஆபத்துதான். கல்லில் மோதும்போது டயர் முழுவதும் நசுங்கி, சக்கர விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே உள்குழாய் சிக்கி ஓட்டையாகிவிடும். நியூ ஃபாரஸ்ட் பாதைகளில் கிடப்பவை பெரும்பாலும் சக்கிமுக்கிக் கற்கள். பனியுகக் காலத்து ஆறுகள் கொண்டுவந்து குவித்தவை. உடைந்த சக்கிமுக்கியின் விளிம்பு கத்தி போல் வெட்டும்.

1888இல் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள்

காற்றடித்த டயரைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தவர் ஜான் பாய்ட் டன்லப். வடஅயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தவர். அப்போதைய சைக்கிள்களில் கெட்டி ரப்பர் டயர்களே இருந்தன. கரடுமுரடான பாதையில் தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று அவர் காற்றடைத்த குழாயைச் சக்கரத்தில் பொருத்திப் பார்த்தார். 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பல ஆண்டுகளுக்கு முன்பே இதே யோசனைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் உலகமெங்கும் சைக்கிள் பெருகியது டன்லப்புக்குப் பிறகுதான்.

அதே 1888இல் ஹென்றி ரிட்லி என்ற தாவரவியலாளர் சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக வந்து சேர்ந்தார். பிரேசில் நாட்டு ரப்பர்க் கன்றுகள் 1877இலேயே இங்கு வந்திருந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி இங்கேதான் செம்மைப்படுத்தினார். முதலில் சைக்கிள், பிறகு கார் என டயருக்கான தேவை பெருகப் பெருக, மலாயாவில் தோட்டங்கள் விரிந்தன. அங்கே விடியற்காலையில் விளக்கு வெளிச்சத்தில் பால்மரம் சீவியவர்களில் மிகப் பலர் தமிழர்கள். உங்கள் கொள்ளுத் தாத்தாவோ பாட்டியோ அவர்களில் ஒருவராக இருக்கலாம். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

உருளும் கற்களின் மேல் நிறுத்துவது எப்படி?

நான் வளைவில் விழுந்த கதைக்குத் திரும்புவோம். தளர்ந்த சரளைக்கல் டயருக்கும் தரைக்கும் இடையே சிறு உருளைகள் போல் செயல்படுகிறது. டயர் கல்லைப் பிடித்தாலும் கல் தரையைப் பிடிப்பதில்லை. அதனால் உராய்வு குறைகிறது.

தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் சைக்கிளின் வேகம் நொடிக்கு 5 மீட்டர்/நொடி குறைவதாகவும், தளர்ந்த சரளையில் அதில் பாதியே குறைவதாகவும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் தார்ச்சாலையில் 2.5 மீட்டரில் நிற்கும், சரளையில் 5 மீட்டர் ஓடித்தான் நிற்கும். வேகத்தை இரு மடங்காக்குங்கள். தூரம் இரு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும்: தார்ச்சாலையில் 10 மீட்டர், சரளையில் 20 மீட்டர். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நீங்கள் மனப்பாடம் செய்த வரி இங்கே உங்கள் முழங்காலைக் காப்பாற்றும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடியுங்கள். வளைவில் இருக்கும் கொஞ்சநஞ்ச உராய்வும் திரும்புவதற்கே தேவைப்படும்.

தண்டவாளம் போன பிறகு

புரோக்கன்ஹர்ஸ்டிலிருந்து மேற்கே போகும் பாதையின் ஒரு பகுதி பழைய ரயில்தடம். 1847இல் திறக்கப்பட்ட அந்தத் தடம் மிகவும் வளைந்து நெளிந்து சென்றதால் ‘காசில்மனின் தக்கைத் திருகு’ என்று மக்கள் கேலிப்பெயர் வைத்தார்கள். 1964இல் பயணிகள் ரயில் நின்றது. இப்போது அதன்மேல் சைக்கிள்கள் ஓடுகின்றன.

பழைய ரயில்தடங்கள் சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு பொருத்தமாக இருக்கின்றன? எஃகுச் சக்கரமும் எஃகுத் தண்டவாளமும் மிகக் குறைவாகவே நசுங்கும். அதனால் ரயில் உருள ஆகும் இழப்பு மிகக் குறைவு. ஆனால் அதே எஃகுக்குப் பிடிப்பும் குறைவு. 100 மீட்டர் தூரத்துக்கு 2 மீட்டர் உயர்ந்தாலே ரயிலுக்கு அது பெரிய ஏற்றம். எனவே பொறியாளர்கள் மேடுகளை வெட்டியும் பள்ளங்களை நிரப்பியும் தடத்தைச் சமமாக்கினார்கள். ரயில் போய்விட்டது, சமதளம் நமக்குக் கிடைத்தது.

நம் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு மலாயன் ரயில் வந்துகொண்டிருந்த தடத்தில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ஓட்டம் நின்றது. அதுதான் இன்று சுமார் 24 கிலோமீட்டர் நீளமுள்ள ‘ரயில் காரிடார்’ பசுமைப் பாதை. புக்கிட் தீமாவின் இரும்புப் பாலத்தைக் கடக்கும்போது, மலாயாவின் தண்டவாளங்களைப் போட்டுப் பராமரித்தவர்களில் நம்மவர்கள் பலர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நெல் விளையாத நிலம்

மரங்கள் முடிந்து புதர்வெளி தொடங்கியதும் மண்ணின் நிறமே மாறியது. பாதையோரத்தில் வெட்டுப்பட்ட ஒரு சிறு மேட்டில் மண் அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. மேலே மக்கிய வேர்களால் ஆன கறுப்பு அடுக்கு. அதன்கீழே சாம்பல் நிறத்தில் வெளுத்த மணல். அதற்கும் கீழே துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் ஒரு கெட்டி அடுக்கு.

மழைநீர் அமிலத்தன்மை கொண்ட மக்கலின் வழியே இறங்கும்போது, மணலில் உள்ள இரும்பையும் சத்துகளையும் கழுவிக்கொண்டு போகிறது. கீழே ஓரிடத்தில் இரும்பு படிந்து இறுகிவிடுகிறது. இந்த மண்வகைக்குப் ‘பாட்சால்’ என்று பெயர். ‘சாம்பலுக்கு அடியில்’ என்ற பொருளுள்ள ரஷ்யச் சொல்லிலிருந்து வந்தது. இரும்பு அடுக்கு நீரைத் தடுப்பதால், மணல்நிலமாக இருந்தும் மேலே ஈரம் தேங்கும். சத்தில்லை, அமிலம் அதிகம், வேர் ஆழமாக இறங்க முடியாது. இதைத் தாங்கும் செடிகள் சிலவே. சிறிய இலைகளும் ஊதாப் பூக்களும் கொண்ட ஹெதர் அவற்றில் முதன்மையானது. அதன் வேர்களில் வாழும் நுண்பூஞ்சைகள் மக்கலிலிருந்து நைட்ரஜனை எடுத்துக் கொடுக்கின்றன, செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு வெண்கலக் கால மக்கள் அங்கே மரங்களை வெட்டத் தொடங்கியதிலிருந்து இந்த வெளி உருவானது. மாடும் குதிரையும் மேய்வதால்தான் மரக்கன்றுகள் மீண்டும் தழைக்காமல் வெளி வெளியாகவே இருக்கிறது.

இதெல்லாம் குளிர்நாட்டுச் செய்தி என்று நினைக்க வேண்டாம். போர்னியோவில் இதற்கு ஓர் உறவு உண்டு. வெளுத்த மணல்மேல் வளரும் அந்தக் காட்டை இபான் மக்கள் ‘கெராங்காஸ்’ என்கிறார்கள். நெல் விளையாத நிலம் என்று பொருள். சரவாக்கின் பாக்கோ தேசியப் பூங்காவில் அதைப் பார்க்கலாம். அங்கே சைக்கிளில் போக முடியாது, படகில் இறங்கி நடக்க வேண்டும். மண்ணில் நைட்ரஜன் கிடைக்காததால் அங்குள்ள குடுவைத் தாவரங்கள் பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கின்றன. நியூ ஃபாரஸ்ட்டின் ஈரப்பகுதிகளிலும் ஒட்டும் துளிகளால் பூச்சி பிடிக்கும் ‘சண்டியூ’ என்ற சிறுசெடி வளர்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்கும் இரு நிலங்களில், ஒரே வறுமைக்குத் தாவரங்கள் ஒரே வகையான வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

சேற்றுக் குட்டையும் நான் செய்த தவறும்

முதல்நாள் இரவு மழை பெய்திருந்தது. பாதையின் நடுவே ஒரு குட்டை. காலணி நனையக் கூடாதென்று நான் சக்கரத்தை இடப்பக்கமாகத் திருப்பி, ஹெதர் செடிகளின்மேல் ஓட்டிச் சுற்றிப் போனேன். ஐந்து மீட்டர் தூரம்கூட இருக்காது.

பின்னால் வந்தவள் குட்டைக்குள் நேராக ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். இம்முறை அவள் சிரிக்கவில்லை. “சித்தப்பா, திரும்பிப் பாருங்க” என்றாள். செடிகளுக்கு நடுவே என் டயர் ஒரு நீளமான கோடு போட்டிருந்தது. அதில் நீர் ஊறத் தொடங்கியிருந்தது.

முன்பு போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காற்றைக் குறைத்த பிறகும் என் டயரின் அழுத்தம் 240 கிலோபாஸ்கல். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர், 150 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள காலணியோடு ஒற்றைக் காலில் நின்றால் வருவது 40 கிலோபாஸ்கல் மட்டுமே. டயர் அதைவிட ஆறு மடங்கு. சரளைப் பாதை இதைத் தாங்கும். பெரிய கல், சிறு கல், மணல், களிமண் என்று பல அளவுகளைக் கலந்து இறுக்கியதால் ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்பிப் பூட்டிக்கொண்டிருக்கிறது. நீர் வழிந்தோட நடுப்பகுதியையும் சற்று உயர்த்தியிருப்பார்கள். ஈரமான புதர்வெளி மண் இதைத் தாங்காது. தொடும் பரப்பு போதுமான அளவு பெருகும்வரை சக்கரம் உள்ளே அமிழும்.

அப்படி அமிழும்போது மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றறைகள் மூடிக்கொள்கின்றன. வேர்களுக்கு ஆக்சிஜன் குறைகிறது. மழைநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலே தேங்குகிறது. அங்கே புதிய குட்டை பிறக்கிறது. அடுத்து வருபவர் அதையும் சுற்றிப் போகிறார். பாதை இன்னும் அகலமாகிறது, குட்டை இன்னும் பெரிதாகிறது. விளைவே தன் காரணத்தை வளர்க்கும் இத்தகைய சுழற்சி தானாக நிற்பதில்லை.

“நான் ஒருவன் போனால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்கத் தோன்றும். மிதிபடாத நிலத்தில் ஏற்படும் சேதத்தின் பெரும்பகுதி முதல் சில தடவைகளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஏற்கெனவே இறுகிய பாதையில் நூறாவது சைக்கிள் செய்யும் கூடுதல் சேதம் மிகச் சிறிது. இதனால், ஆளுக்கொரு வழியாகப் பிரிந்து போனால் நிலத்துக்கு நல்லது என்று நாம் நினைப்பது தவறு. எல்லோரும் ஒரே பாதையில் போவதே நல்லது.

அப்படியானால் குதிரைகள் எங்கும் நடக்கின்றனவே? நானும் அவளிடம் இதைக் கேட்டேன். அவள் என் டயர்க் கோட்டையே காட்டினாள். குளம்பு பதிந்த குழிகள் தனித்தனியானவை. ஒவ்வொன்றிலும் சிறிது நீர் தங்கும், அவ்வளவுதான். சக்கரத்தின் தடம் விடுபடாத ஒரு வாய்க்கால். சரிவில் அது அமைந்தால் மழைநீர் அதற்குள் சேர்ந்து ஓடி, வேகம் பிடித்து, மண்ணை அரித்துக்கொண்டு போகும். குதிரைகளும் கூட்டமாக ஒரே இடத்தில் மிதித்தால் சேதம் உண்டு. ஆனால் அவை மேயாவிட்டால் இந்தப் புதர்வெளியே இருக்காது.

இன்னொன்றையும் அவள் சொன்னாள். அந்தப் புதர்வெளியில் ஆள்காட்டி, பக்கி, நீண்டு வளைந்த அலகுள்ள கர்லியூ போன்ற பறவைகள் தரையிலேயே முட்டையிடுகின்றன. வசந்தத்திலிருந்து கோடைவரை அவற்றின் கூடுகட்டும் காலம். முட்டையின் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்று போலவே இருக்கும். சக்கரத்தில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. தாய்ப்பறவை பயந்து எழுந்து போனால், முட்டை குளிர்ந்துவிடும் அல்லது காகத்துக்கு இரையாகும். நான் சுற்றிப்போன ஐந்து மீட்டரில் கூடு எதுவும் இல்லை. ஆனால் அது தெரிந்தா ஓட்டினேன்? இல்லை.

நம் பாதைகளில்

ஊர் திரும்பிய பிறகு ரயில் காரிடாரிலும் அதே காட்சியைப் பார்த்தேன். மழைக்குப் பின் ஒரு குட்டை, அதைச் சுற்றிப் புல்லில் விழுந்த புதுத் தடம். என் மாணவர்கள் சிலரும் அதில் போயிருக்கலாம். இவ்வளவு மழை பெய்யும் ஊரில் மண் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். ஆகவே அந்தச் சுழற்சி இங்கே இன்னும் எளிதாகத் தொடங்கும்.

அடுத்த முறை நீங்கள் சரளைப் பாதைக்குப் போகும்போது இவற்றை நினைவில் வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்த வரம்பைப் பார்த்து, அதற்குள் காற்றைச் சற்றுக் குறையுங்கள். சைக்கிளுக்கென்று குறிக்கப்பட்ட தடங்களில் மட்டும் ஓட்டுங்கள். இயற்கை வனப்பகுதிகளின் நடைபாதைகள் பலவற்றில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஆழமில்லாத குட்டையாக இருந்து, அடியில் கெட்டியான சரளை இருந்தால் மெதுவாக அதன் நடுவிலேயே போங்கள். அடி தெரியாவிட்டால் இறங்கிப் பாதைக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போங்கள். பாதை முழுவதும் சேறாக இருந்தால் அன்று திரும்பிவிடுங்கள். காலணி நனைந்தால் மறுநாள் காய்ந்துவிடும். இறுகிப்போன மண் தளர்வதற்கு ஆண்டுகள் ஆகும்.

செய்து பாருங்கள்

1. டயரின் தடம்: ஒரு கட்டத் தாளைத் தரையில் விரித்து, டயரின் ஒரு பகுதியில் தண்ணீரில் கரைத்த வண்ணம் பூசுங்கள். நண்பர் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி உட்கார்ந்து அந்தப் பகுதியைத் தாளில் பதியுங்கள். கட்டங்களை எண்ணிப் பரப்பளவைக் காணுங்கள். காற்றைக் குறைத்து மீண்டும் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால் விசை கிடைக்கும். அந்தச் சக்கரத்தின் அடியில் எடைகாட்டும் கருவியை வைத்து, மற்றச் சக்கரத்தின் அடியில் அதே உயரத்துக்குப் பலகை வைத்து, உண்மையான எடையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சரியாகப் பொருந்தாது. வேறுபாட்டுக்கு என்ன காரணம்? டயரின் சுவர் எவ்வளவு கெட்டியானது என்பதிலிருந்து யோசனையைத் தொடங்குங்கள்.

2. மண்ணின் தாகம்: அடியில் சிறு ஓட்டைகள் போட்ட இரண்டு பிளாஸ்டிக் குவளைகளில் ஒரே அளவு ஈரமான தோட்டமண்ணை நிரப்புங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றொன்றைக் கட்டையால் நன்றாக அழுத்துங்கள். இரண்டிலும் 100 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, அது முழுவதும் உள்ளே இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிறுத்துகடிகாரத்தில் பாருங்கள். அழுத்திய குவளையின்மேல் நிற்கும் தண்ணீர்தான் நீங்கள் பாதையில் பார்க்கும் குட்டை.

கிடைத்த அளவுகளை அட்டவணையாக எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். உங்கள் விடை என் கணக்கிலிருந்து மாறுபட்டால் கவலைப்பட வேண்டாம், ஏன் மாறுபட்டது என்று அவரோடு பேசுங்கள். எனக்கு அப்படித்தான், காட்டுப் பாதையோரப் புல்லில் உட்கார்ந்தபடி, இந்தப் பாடம் கிடைத்தது.